வராதவர்களின் பட்டியல்

(பழைய கல்லூரி மாணவர்கள் நமது சங்கக் கட்டிடத்தில் கூடிய நாளன்று ஆற்றிய உரை)



பட்டப்படிப்பு முடித்தவர்கள் கூடிய இந்தக் கூட்டத்தில், பத்தாவதோடு நின்றுபோன எங்களைப் பேச அழைத்திருக்கிறீர்கள். நன்றி. இடம் கொடுத்தவர்கள் என்ற மரியாதைக்காக மட்டும் அழைத்திருந்தால், இனிமேல் சொல்லப் போவதைப் பொறுத்துக் கொள்ளுங்கள்.

காலையிலிருந்து நீங்கள் ஒவ்வொருவராக எழுந்து உங்கள் நிலையைச் சொன்னதைக் கேட்டோம். ஒருவர் பெங்களூரில் வீடு கட்டியிருக்கிறார். ஒருவர் ஆசிரியர். ஒருவர் ஸ்ரீசிட்டி ஆலையில் சூப்பர்வைசர். ஒருவரின் மகள் மருத்துவம் படிக்கிறாள். கேட்கக் கேட்க நெஞ்சு நிறைந்தது. உங்கள் தகப்பன்மார்களில் பலரை எங்களுக்குத் தெரியும். மாம்பழ மண்டியில் மூட்டை தூக்கியவர்கள், வெல்லம் காய்ச்சியவர்கள், கல் உடைத்தவர்கள், நகரியில் தறி ஓட்டியவர்கள். அவர்கள் வயிற்றைக் கட்டிப் படிக்க வைத்தது வீண் போகவில்லை.

ஆனால் அந்தச் சுவரில் மாட்டியிருக்கும் வகுப்புப் படத்தைப் பாருங்கள். அதில் 41 பேர். இன்று வந்திருப்பது 17 பேர். மீதி 24 பேர் எங்கே?

அவர்களில் ஒருவரைப் போன மாதம் பார்த்தோம். முதலாளியின் மாம்பழப் பெட்டிகளை ரயிலில் அனுப்ப எங்கள் பார்சல் ஆபீசுக்கு வந்தார். பாரத்தை அவர் எழுதிய கையெழுத்தைப் பார்த்ததும், படித்தவர் என்று தெரிந்துவிட்டது. பெயர் சொல்ல மாட்டோம். சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பி.காம். முடித்தவர். வேலை பார்த்த ஆலை மூடிவிட்டது. இப்போது சீசனில் மண்டியில் எடை போடுகிறார். சீசன் முடிந்தால் ராத்திரி வாட்ச்மேன். இந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னோம். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “நான் வரல்லண்ணா. வந்தா முதல் கேள்வியே ‘இப்போ என்ன பண்றே’ன்னுதான் கேப்பாங்க. அதுக்கு நான் என்ன சொல்றது?”

வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் அவர் விலகிவிட்டாராம். யாரும் அவரை வையவில்லை. தினம் ஒரு கார் படம், ஒரு கிரகப்பிரவேசப் படம். அவரிடம் போடுவதற்குப் படம் இல்லை. அவ்வளவுதான்.

தோழர்களே, ஆலையை மூடியது அவரல்ல. மூடியவர்கள் வெட்கப்படவில்லை, வேலை இழந்தவர் வெட்கப்படுகிறார். இதுதான் அநியாயம்! பரீட்சையில் தோற்றவன் பெஞ்சில் ஏறி நிற்பதைப் போல, பிழைப்பில் அடிபட்டவனை வாழ்நாள் முழுவதும் பெஞ்சில் நிற்க வைத்திருக்கிறோம்.

பெண்களையும் எண்ணிப் பாருங்கள். படத்தில் முன்வரிசை முழுவதும் அவர்கள். இங்கே வந்திருப்பது இரண்டே பேர். கல்யாணமாகி ஊர் மாறியதும் பெண்ணின் விலாசத்தை நாம் தேடுவதில்லை.

கலைந்து போவது நமக்குப் புதிதல்ல. வட ஆற்காட்டிலிருந்து பிரித்துச் சித்தூர் மாவட்டம் உண்டாக்கப்பட்டது 1911இல். 1953 அக்டோபர் 1 அன்று அது ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பின், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நம் பாட்டன்மார்களுக்கு நடுவே கோடு விழுந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. கோடுகள் மாறிக்கொண்டே இருக்கும். தோழமையை யார் காப்பாற்றுவது?

திருத்தணியில் 1888இல் பிறந்த ஒரு பையன் திருப்பதிக்கு வந்து மிஷன் பள்ளியில் படித்தான். அப்போது இரண்டு ஊரும் ஒரே மாவட்டம். அவர்தான் 1962இல் குடியரசுத் தலைவரான டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் தத்துவப் பாடத்தை எடுத்தது எப்படித் தெரியுமா? படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் பழைய தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகம் வாங்கும் செலவு மிச்சம். பழைய புத்தகக் கட்டு ஒன்று ஒரு மனிதரின் வழியைத் திருப்பியது.

அவருக்கு ஒரு வயது மூத்தவர் கணித மேதை ராமானுஜன். எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றவர். நமது கணக்கில் அவரும் கூட்டத்துக்கு வராமல் ஒளிந்துகொள்ள வேண்டியவர்தான்! அந்த நாளில் நெல்லூர் கலெக்டராக இருந்தவர் ராமச்சந்திர ராவ். ராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து முதலில் சந்தேகப்பட்டார். கும்பகோணத்துப் பள்ளித் தோழர் சி. வி. ராஜகோபாலாச்சாரி விடவில்லை, கூடவே போய் மறுபடியும் பார்க்க வைத்தார். (இவர் வேறு, ராஜாஜி வேறு.) கலெக்டர் மனம் மாறி, மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தா வேலை. அந்தக் குமாஸ்தா 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

மேதை அவர். ஆனால் அந்தத் தோழர், ‘நீ ஃபெயிலானவன்தானே’ என்று ஒதுங்கியிருந்தால்?

ஆகவே சங்கத்தின் சார்பில் மூன்று வேலைகளை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, வராதவர்களின் பட்டியல். 24 பேரின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். உத்தியோகம் என்ற கலம் அதில் வேண்டாம். ‘உனக்கு என்ன வேண்டும்? உன்னால் என்ன கொடுக்க முடியும்?’ என்ற இரண்டு கலம் போதும். எடை போடும் அந்தத் தோழருக்குக் கணக்கு எழுதத் தெரியும். உங்களில் கடை வைத்திருப்பவருக்குக் கணக்கு எழுத ஆள் வேண்டும். இது ஏன் இத்தனை நாள் நடக்கவில்லை? ஒருவரை ஒருவர் கேட்காததால்தான்.

இரண்டாவது, பழைய புத்தகங்கள். ஜூனில் பள்ளி திறக்குமுன் உங்கள் பிள்ளைகளின் புத்தகங்களையும் நோட்ஸ்களையும் சங்கத்தில் கொண்டுவந்து கொடுங்கள்.

மூன்றாவது, நம் பிள்ளைகளின் தமிழ். 1956இல் அரசியல் சட்டத்தில் சேர்த்த 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யச் சொல்கிறது. ஒரு வகுப்பில் 10 பேர், அல்லது பள்ளி முழுவதிலும் 40 பேர் இருந்தால் அந்த மொழிக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்று 1949இலேயே மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு முடிவு செய்தது. பத்துப் பெயரை யாரும் எழுதிக் கொடுக்காவிட்டால், பிள்ளைகளே இல்லை என்றுதான் ஆபீசில் எழுதுவார்கள். மூட்டை தூக்கும் தகப்பனுக்கு மனு எழுதத் தெரியாது. உங்களுக்குத் தெலுங்கிலும் எழுதத் தெரியும், ஆங்கிலத்திலும் எழுதத் தெரியும். தெருத்தெருவாகப் போய்ப் பெயர் சேர்த்து, மண்டலக் கல்வி அதிகாரியிடம் மனுக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். தெலுங்கு நமக்குப் பகையல்ல. இங்கே நமக்குச் சோறு போடும் மொழி. அதையும் நன்றாகப் படிக்கட்டும். ஆனால் பாட்டியின் கடிதத்தைப் படிக்கத் தெரியாத பேரன் நம் வீடுகளில் வளரக் கூடாது.

கடைசியாக ஒன்று. அந்தத் தோழரின் விலாசம் எங்களிடம் இருக்கிறது. அவர் சம்மதம் கேட்டுத்தான் தருவோம். சம்மதித்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் போங்கள். கார் வேண்டாம், பஸ்ஸிலேயே போங்கள். வாசலில் நின்று ‘என்ன பண்றே’ என்று கேட்காதீர்கள். ‘எப்படிப்பா இருக்கே’ என்று கேளுங்கள். மற்றதை அவரே சொல்வார்.

அடுத்த கூட்டத்தில் 41 பேரையும் எதிர்பார்க்கிறோம்.