வருவோரும் செல்வோரும்



விடுமுறைக் காலம் வந்துவிட்டால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உறவினர் வருகை பெருகிவிடும். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் குழந்தைகளோடு வருவோர் பலர். அதே வேளையில் நம்மவருட் சிலர் இந்தியாவுக்கு யாத்திரை புறப்படுவர். வருவோரும் செல்வோரும் அஞ்சவேண்டிய நோய்கள் வெவ்வேறு. அவற்றைச் சுமந்து திரிவது நுளம்பினமே.

வருவோர்க்கு டெங்கு. 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாகியது. டெங்கு நுளம்பு பகலிலே கடிப்பது. ஆகவே இரவில் மட்டும் வலை கட்டிப் படுத்தல் போதாது. தேங்கிய தெளிந்த நீரே அதன் தொட்டில். உரியவர் வெளிநாட்டில் இருக்க, பூட்டிக் கிடக்கும் மாடிவீட்டின் மலசலகூடத் தொட்டியும் பூச்சாடித் தட்டும் அதற்குப் போதும். முட்டை நுளம்பாவதற்கு ஏறக்குறைய 7 முதல் 10 நாள் செல்லும். எனவே விருந்தினர் வருமுன்னரே வீட்டைத் திறந்து, நீரைக் கொட்டி, பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

காய்ச்சல் கண்டால் அஸ்பிரினும் இபுபுரோபனும் ஆகா. அவை இரத்தக்கசிவுக்கு வழிகோலும். வைத்தியரை நாடி இரத்தத்தைச் சோதிப்பியுங்கள். காய்ச்சல் தணியும்போதே ஆபத்துத் தொடங்குவதும் உண்டு. அப்பொழுது வயிற்றுவலியோ ஓயாத வாந்தியோ கண்டால், விமானச்சீட்டின் திகதியை எண்ணித் தாமதிக்கலாகாது.

செல்வோர்க்கு மலேரியா. 1934-35 இல் இத்தீவில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்ட நோய் அது. 1963 இல் நோயாளர் 17 பேராகக் குறைந்தனர். வென்றுவிட்டோம் என்று கை தளர்ந்தது. 1969 இல் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மீண்டும் பாடுபட்டோம். 2012 இன் பின் சில ஆண்டுகள் உள்நாட்டில் எவருக்கும் அந்நோய் தொற்றவில்லை. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

ஆயினும் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு இங்கேதான் இருக்கிறது. இல்லாதது கிருமி மட்டுமே. நோயோடு திரும்பும் ஒருவரே அதனை மீளக் கொண்டுவரக் கூடும். ஆதலால் மலேரியா உள்ள நாடுகளுக்குப் புறப்படுமுன் மலேரியாத் தடை இயக்கத்தாரை நாடித் தடுப்பு மருந்து பெறுங்கள். திரும்பியபின், சில மாதம் கழித்தேனும், காய்ச்சல் வந்தால், சென்ற நாட்டின் பெயரை வைத்தியரிடம் முதலிற் சொல்லுங்கள். மலேரியாவைக் கண்டறியாத இளம் வைத்தியருக்கு அந்த ஒரு சொல்லே வழிகாட்டும்.

பெருமுயற்சியால் பெற்ற நலத்தைக் காப்பது நம் ஒவ்வொருவர் கடமையுமாகும்.