உரிமைக்கு வயதுச் சான்றிதழ் வேண்டுமா?

(இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடைகளில் நாம் அடிக்கடி ஒரு வாதம் வைக்கிறோம். "இது நேற்று வந்ததல்ல, நூற்றாண்டுகளாக நடந்து வருவது. ஆகவே இது எங்கள் உரிமை" என்கிறோம். கைதட்டல் கிடைக்கிறது. நானும் அப்படிப் பேசியவன்தான். ஆனால் அந்த வாதம் நம்மைக் காக்குமா, கவிழ்க்குமா?

அரசியல் சாசனத்தின் 25-வது ஷரத்தைப் படியுங்கள். பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் முதலியவற்றுக்கு உட்பட்டு, மதத்தைப் பின்பற்றும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறது. "அத்தியாவசியமான" என்ற சொல் அதில் இல்லை. 1954-ல் சிரூர் மடம் வழக்கில், ஒரு மதத்தின் அத்தியாவசியப் பகுதி எது என்பதை அந்த மதத்தின் கோட்பாட்டைக் கொண்டே அறிய வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். நாளடைவில் அதுவே பரீட்சையாகி விட்டது.

விளைவு என்ன? 1994-ல் இஸ்மாயில் ஃபாரூக்கி வழக்கில், பள்ளிவாசல் இஸ்லாத்தின் அத்தியாவசியப் பகுதியல்ல, தொழுகையைத் திறந்த வெளியிலும் நிறைவேற்றலாம் என்று சொல்லப்பட்டது. (திறந்த வெளியில் தொழுதால் வரும் வம்பு தனிக் கதை!) 2022 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம், ஹிஜாப் அத்தியாவசியமல்ல என்றது. நீதிபதி முஃப்தியாகிறார், வக்கீல் கிதாபு புரட்டுகிறார், படிக்கப் போன பிள்ளை வாசலில் நிற்கிறாள்!

அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பளித்தார்கள். நீதிபதி சுதான்ஷு தூலியா, அந்தப் பரீட்சையே இங்கு தேவையில்லை, இது அந்தப் பெண்ணின் விருப்பத்தைப் பற்றியது என்றார். சகோதரர்களே, இதுதான் நேர்வழி!

1986-ஐ நினைத்துப் பாருங்கள். கேரளாவில் மூன்று குழந்தைகள் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அவர்களுடைய யெகோவா சாட்சிகள் பிரிவு 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தோன்றியது. இந்த மண்ணில் அதற்கு நீண்ட வரலாறு ஏது? ஆயினும் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. நம்பிக்கை நமக்கு ஏற்புடையதா என்பதல்ல, அது மனப்பூர்வமானதா என்பதே கேள்வி என்றது.

பழமையே உரிமைக்கு ஆதாரம் என்றால், தீண்டாமையைவிடப் பழமையானது எது? கோயில் வாசலில் தடுக்கப்பட்டவருக்கு எதிராகக் காட்டப்பட்டதும் மரபுதானே? அதனால்தான் 17-வது ஷரத்து தீண்டாமையை ஒழித்தது. 13-வது ஷரத்து, சட்ட வலிமை பெற்ற வழக்கத்தையும் அடிப்படை உரிமைகளுக்குக் கீழே வைத்தது. வழக்கம் உரிமைக்குக் கட்டுப்பட வேண்டும். உரிமை வழக்கத்துக்கு அல்ல.

நம் வீட்டையும் பார்ப்போம். பல பகுதிகளில் வழக்கத்தின் பெயரால் முஸ்லிம் பெண்களுக்குச் சொத்து மறுக்கப்பட்டது. 1937-ம் ஆண்டு ஷரீஅத் சட்டம் வந்தது எதற்காக? அந்த வழக்கத்தை அகற்றி ஷரீஅத்தை நிலைநாட்டத்தான்! இன்றும் "எங்கள் குடும்ப வழக்கம்" என்று சகோதரியின் பங்கை விழுங்குகிறவர், மன்றத்தில் எந்த முகத்தோடு உரிமை கேட்பார்?

வரலாறு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வக்ஃப் பத்திரத்தையும் பழைய ரசீதையும் பத்திரமாக வையுங்கள். சொத்து யாருடையது என்று நிரூபிக்க அவை சாட்சி. ஆனால் நான் மனிதன், இந்நாட்டின் குடிமகன் என்பதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை.

இனி மனு எழுதும்போது "பரம்பரை வழக்கம்" என்று தொடங்காதீர்கள். ஷரத்தின் எண்ணை முதல் வரியில் எழுதுங்கள். பக்கத்துக் கடைக்காரருடைய உரிமை பறிபோனாலும், அவருக்காகவும் அதே வரியை எழுதுங்கள். நேற்று வந்தவருக்கும் கிடைப்பதுதான் உரிமை, மற்றதெல்லாம் சலுகை.

அல்லாஹ் நமக்கு நீதியின் பக்கம் நிற்கும் உறுதியைத் தருவானாக! வஸ்ஸலாம்.