உரிமையும் செலவும்



பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு, நள்ளிரவில் நோய் கண்டால் உற்றார் உதவி எளிதில் கிட்டுவதில்லை. மருத்துவமனை வாயிலில் முன்பணம் கேட்கப்பட்டுக் கைபிசைந்து நிற்பவரின் நிலையை நாம் அறிவோம். ஆதலின், 2023-ஆம் ஆண்டில் இராஜஸ்தான் மாநிலத்தில் எழுந்த விவாதம் நம் சிந்தனைக்குரியது.

அவ்வாண்டு மார்ச்சு 21-ஆம் நாள் அம்மாநிலச் சட்டமன்றம் நலவாழ்வுரிமை மசோதாவை நிறைவேற்றியது. முன்பணம் கட்டவில்லை என்பதற்காக அவசர சிகிச்சையை மறுத்தலாகாது என்பதே அதன் உயிர்நாடி. நோயாளி செலுத்த இயலாவிடின் அரசு ஈடு செய்யும் என்றும் அது கூறிற்று.

தனியார் மருத்துவர்கள் வெகுண்டெழுந்து மருத்துவமனைகளை மூடினர். அவசரம் என்பதன் எல்லை யாது, அரசின் பணம் என்று வந்து சேரும் என்பன அவர்தம் வினாக்கள். அவற்றைத் தன்னலம் என ஒதுக்கிவிடலாகாது. சிறிய மருத்துவமனையும் ஊழியர்க்கு ஊதியம் தந்தாக வேண்டுமன்றோ? ஆயினும் கதவடைப்பின் துன்பத்தை நுகர்ந்தோர் நோயாளிகளே.

ஏப்ரல் 4-ஆம் நாள் உடன்பாடு பிறந்தது. 50-க்குக் குறைந்த படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனைகளும், நிலம் முதலிய அரசுச் சலுகை பெறாதவையும் விலக்குப் பெற்றன. பூசல் தணிந்தது, உரிமையோ, நோயாளி எந்த வாயிலைத் தட்டுகிறார் என்பதைப் பொறுத்ததாயிற்று.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எமக்கு உரிமை என்னும் சொல்லைப் பெயர்ப்பது எளிது. அதன் செலவைப் பங்கிடுவதே அரிது. நாம் வாழும் மாநிலத்தில் இத்தகைய மசோதா வருமாயின், உரிமை உண்டா என்று கேட்பதோடு அமையாது, யார், எப்போது செலுத்துவார் என்றும் கேட்போமாக.