பல் காக்கும் கவசம்



பல் கவசமின்றிக் குத்துச்சண்டைப் போட்டியில் இறங்க இயலாது. ஆயினும் ஹாக்கியிலும் கபடியிலும் நம் பள்ளிச் சிறுவர்கள் பெரும்பாலும் கவசமின்றியே ஆடுகின்றனர்.

இழந்த நிலைப்பல் மீண்டும் முளைப்பதில்லை. செயற்கைப் பல்லின் செலவும் ஒரு முறையோடு முடிவதில்லை. வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பதிக்கும் கவசமோ சில நூறு ரூபாய்தான். மருத்துவர் அளவெடுத்துச் செய்வது இன்னும் நன்கு பொருந்தும். வளரும் பிள்ளைகளுக்கு அதனை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

பல் பெயர்ந்துவிட்டால், வேரைத் தொடாமல் எடுத்துப் பாலிலிட்டு, அரைமணிக்குள் மருத்துவரை அடைவது நலம்.

2014-15இல் தேசிய வாய்நலத் திட்டமும், 2018இல் கேலோ இந்தியா பள்ளிப் போட்டிகளும் தொடங்கின. அவ்விரு முயற்சிகளின் நோக்கமும் இக்கவசத்தில் ஒன்றுசேர்கிறது. மட்டையும் பந்தும் வாங்கும் பட்டியலில் இதனையும் சேர்த்திடுங்கள்.