நிலத்தின் அடியில் உள்ள பாறை
(ஊராட்சி உறுப்பினர்களிடையே நிகழ்த்திய உரை)



நம் ஊரின் எல்லை எது, ஏரி எது, புறம்போக்கு எது என்று கேட்டால் நம்மில் எவரும் தயங்காது விடை கூறுவோம். கிராம வரைபடத்திலும் அவை யாவும் குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் அந்த நிலத்தின் அடியில், 20 அடிக்குக் கீழே, 200 அடிக்குக் கீழே, இருக்கும் பாறை யாது என்று கேட்டால் பெரும்பாலும் மௌனமே விடையாகிறது. கிணறு தோண்டும்போதும், கசிவுநீர்க் குட்டை அமைக்கும்போதும் ஊராட்சியின் பணம் போய்ச் சேருவது நாம் அறியாத அந்த இடத்திற்கே. ஆதலால் நிலவியல் வரைபடம் என்பது யாது, அது நமக்கு எவ்வகையில் உதவும் என்பது பற்றி இன்று சிறிது பேசுவோம்.

ஒரு வட்டாரத்தில் எந்தப் பாறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை வண்ணங்களால் பிரித்துக் காட்டுவதே அவ்வரைபடம். 1851-இல் தொடங்கப்பெற்ற இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இப்பணியைச் செய்து வருகிறது. சுத்தியலும் திசைகாட்டியும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கொண்டு, ஓடைக் கரை, கிணற்றின் உட்சுவர், கல் உடைக்கும் குழி என்று பாறை தென்படும் இடமெல்லாம் நடந்து சென்று, அதனைத் தட்டிப் பார்த்து, எத்திசையில் சாய்ந்துள்ளது என்று அளந்து குறிக்கின்றனர். இந்நாளில் செயற்கைக்கோள் எடுக்கும் படங்களும் துணை செய்கின்றன. ஆயினும் நடந்து பார்க்கும் வேலை நின்றுவிடவில்லை.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாக ஜெயங்கொண்டம் வரை ஒரு முறை பயணம் செய்து பார்ப்போம். அரை நாளில் மூன்று விதமான நிலங்களைக் கடந்துவிடலாம்.

பெரம்பலூரைச் சுற்றியும் அதற்கு மேற்கேயும் இருப்பது கடினப்பாறை. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இத்தகைய பாறையின் மீதே அமைந்துள்ளது. இப்பாறையின் உடலில் நீர் புகாது. மேலே மக்கிச் சரளையாகிவிட்ட பகுதியிலும், அதன் கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். நம் முன்னோர் கமலை பூட்டி இறைத்த கிணறுகள் மக்கிய பகுதியின் நீரை நம்பியவை. அந்நீர் வற்றியதும் நாம் ஆழ்துளைக் கிணற்றை நாடினோம். ஆனால் ஆழம் போகப் போக, மேலுள்ள பாரத்தால் வெடிப்புகள் இறுகி, எண்ணிக்கையிலும் குறைந்துவிடுகின்றன. 300 அடியில் காணாத நீர் 1,000 அடியில் கிடைத்தே தீரும் என்பது வெறும் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்காக நகையை அடகு வைத்த குடும்பங்களைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. தேங்காயைக் கையில் ஏந்தி நீரோட்டம் பார்ப்பவரை இகழ நாம் வரவில்லை. அவர் காட்டிய இடத்தில் நீர் வந்த செய்தி நாலு ஊருக்குப் பரவுகிறது, வராத செய்தி தோட்டத்தோடு நின்றுவிடுகிறது என்று மட்டும் கூறுவோம்.

கிழக்கே சென்றால் காரை, கொளக்காநத்தம் பக்கத்தில் நிலம் அடியோடு மாறுகிறது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த களிமண்தான் இன்று நாம் காணும் வறண்ட மேடுபள்ளங்கள். கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் கல்லாகி அங்கே கிடக்கின்றன. 1860-களில் எச். எஃப். பிளான்போர்டு என்பவர் அந்தக் கல்லோடுகளை ஆராய்ந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே சூட்டிப் பாறை அடுக்குகளை வகைப்படுத்தினார். சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தை 1940-இல் கண்டறிந்தவர், பிற்காலத்தில் அந்த ஆய்வுத் துறையின் முதல் இந்தியத் தலைவராக விளங்கிய எம். எஸ். கிருஷ்ணன். சிப்பியையும் கல்லையும் பொறுக்கி ஆவதென்ன என்று அந்நாளில் சிலர் எண்ணியிருக்கலாம். ஆனால் அந்த அடுக்குகளில் உள்ள சுண்ணாம்புக்கல்லே 1939-இல் டால்மியாபுரத்திலும், 1979-இல் அரியலூர் அரசு ஆலையிலும் சிமெண்டு உற்பத்திக்கு அடிப்படையாயிற்று.

ஜெயங்கொண்டத்தை நெருங்கும்போது செம்மண்ணும் முந்திரித் தோப்புகளும் தோன்றும். அடியில் இருப்பது மணற்கல். பெய்த மழையை உறிஞ்சி, மணலுக்கு மணல் கடத்திக் கீழே சேர்த்து வைப்பது அது.

இனி, ஓர் ஊராட்சிக்குக் கசிவுநீர்க் குட்டை அமைக்கப் பணம் வந்துள்ளது என்று கொள்வோம். மணற்கல் மீது வெட்டிய குட்டையில் நீர் சில நாளில் மறைந்துவிடும். நீர் நிற்கவில்லையே என்று ஊரார் குறை கூறுவார்கள். உண்மையில் குட்டை தன் வேலையைச் செவ்வனே செய்துள்ளது. அதே குட்டையைக் களிமண் மீது வெட்டினால் நீர் மாதக்கணக்கில் நிற்கும்; பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அது கீழே இறங்குவதில்லை. வெயில் குடித்தது போக மிஞ்சியதை ஆடுமாடு குடிக்கும். பக்கத்துக் கிணறுகளில் ஓர் அடி நீரும் ஏறாது. அங்கே வேண்டுவது கசிவுநீர்க் குட்டையன்று, நீரைத் தேக்கி நேரே பாய்ச்சும் ஏரி. கடினப்பாறை நிலத்திலோ, மக்கிய பகுதி ஆழமாக உள்ள தாழ்விடம் பார்த்து அமைத்தல் வேண்டும். மதிப்பீடு ஒன்றே, சிமெண்டும் கல்லும் ஒன்றே. பலன் மட்டும் பாறைக்குப் பாறை வேறுபடுகிறது. பாறை பாராது ஊருக்கு ஒன்று என்று சமமாகப் பங்கிட்டுக் கொடுப்பதை நாம் நியாயம் என்று கருதுகிறோம். அது நியாயமாகாது என்பதே நம் கருத்து.

மற்றொன்று. இந்த மணற்கல்லும் அடுக்குப் பாறைகளும் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்துள்ளன. மேற்கே ஓர் ஊரில் உள்ளே இறங்கும் மழைநீர், கிழக்கே வேறோர் ஊரின் குழாய்க்கிணற்றில் ஏறுகிறது. ஆதலால் பாறையை ஊர் ஊராகப் பிரித்து ஆராய்வதில் பொருளில்லை. அண்டை ஊராட்சிகள் ஒருங்கே அமர்ந்து ஒரே வரைபடத்தைப் பார்த்தாக வேண்டும்.

வரைபடத்தால் ஆகாததையும் சொல்லிவிடுவோம். வழக்கமாக வெளியாகும் தாள்களில் 1 கிலோமீட்டர் நிலம் 2 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. இரண்டு ஏக்கர்த் தோட்டம் அதில் 2 மில்லிமீட்டர் அளவே இருக்கும். தோட்டத்தின் எந்த மூலையில் துளையிடுவது என்று அது கூறாது. அதற்கு மண்ணில் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் மின்தடை ஆய்வு வேண்டும். அதுவும் உறுதி கூறுவதன்று, வாய்ப்பையே கூறும். இங்கே துளையிடுவது வீண் என்று சொல்ல மட்டும் வரைபடம் பல நேரங்களில் போதும்.

ஆய்வுத் துறையின் வரைபடங்களைப் பூகோஷ் என்னும் இணையதளத்தில் விலையின்றிப் பெறலாம். மத்திய நிலத்தடி நீர் வாரியமும் 2012 முதல் நீர் தாங்கும் பாறைகளை வரைபடமாக்கி வருகிறது.

வல்லுநருக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவியும் ஒன்று உண்டு. மேலே தெரியும் பாறையை அவர் காண்பார். கீழே உள்ளதைக் காட்டுவது உங்கள் துளைக் கிணறே. ஊரில் துளையிடும் வண்டி வந்தால், 10 அடிக்கு ஒரு பிடி தூளை எடுத்து வரிசையாகக் காகிதத்தில் மடித்து வையுங்கள். நிறம் மாறிய ஆழம், முதல் ஈரம் கண்ட ஆழம், நீர் வந்த ஆழம், வராவிட்டால் நிறுத்திய ஆழம் ஆகியவற்றை ஊராட்சி அலுவலகத்தில் ஒரு குறிப்பேட்டில் சர்வே எண்ணோடு எழுதி வைத்தல் வேண்டும். நீர் வராத துளையையும் தவறாமல் எழுதுங்கள். அடுத்த தோட்டத்துக்காரர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.