எழுதி ஆற்றும் புண்



2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடல் நம் தீவுகளுக்குள் புகுந்தது. கார் நிக்கோபாரும் கச்சாலும் பட்ட பாட்டை யாவரும் அறிவீர். அப்போது பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் முகாம்களுக்கு வந்து மக்கள் மனத்துயருக்குச் செவிசாய்த்தனர். ஆயினும் அந்நாளை இன்றும் வாய்விட்டுச் சொல்லாதார் பலர். ஆறிய புண்ணைக் கிளறுவானேன் என்று நாமும் கேளாதிருக்கிறோம். ஆறியதென்று கண்டவர் யார்?

1986-இல் அமெரிக்க உளவியலறிஞர் பென்னிபேக்கர், மாணவர் சிலரை நாளுக்கு 15 நிமிடமாக 4 நாள் தம் துயரை எழுதச் செய்தார். எழுதிய அன்று நெஞ்சு கனத்தது. பின்வந்த மாதங்களிலோ அவர்கள் மருத்துவரை நாடுவது குறைந்தது.

பேரதிர்ச்சி தந்த மனநோய்க்கு டெனிஸ் சுலோன், பிரையன் மார்க்சு இருவரும் வகுத்த எழுத்துச் சிகிச்சைக்கு 5 அமர்வுகளே. ஒவ்வோர் அமர்விலும் 30 நிமிடம், நடந்ததையும் அப்போது நெஞ்சில் எழுந்ததையும் எழுதவேண்டும். 12 அமர்வுச் சிகிச்சையொன்றுக்கு இது குறைந்ததன்று என 2018-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நடையழகு வேண்டா, பிழை பார்ப்பாரும் இல்லை. (புலவர்கள் பொறுத்தருள்க!) ஆனால் நோய் முற்றியவர் தனித்து எழுதலாகாது, மருத்துவர் துணை வேண்டும்.

போட்டிகளுக்கென நம் சங்கம் வாங்கும் ஏடுகளில் சிலவற்றை இப்பணிக்கு அளிக்குமாறு ஆட்சிக்குழுவை வேண்டுகிறேன்.