மாலை ஐந்து மணிக்கு ஓர் ஆள்



மரக்காணம் உப்பளங்களில் விடியுமுன்பே இறங்குகிற பெற்றோர் இன்றைய கூலியை விட்டுவிட்டு இந்த அரங்கில் அமர்ந்திருக்கிறார்கள். முதல் பாராட்டு அவர்களுக்கு.

பட்டம் பெறும் இளைஞர்களே, உங்கள் பக்கத்து ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடிக் கிடந்தன. எழுத்துக் கூட்டப் பழகிய பிள்ளைகள் அதையும் மறந்தார்கள். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் தமிழ்நாடு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைக் கொண்டுவந்தது. 2021 அக்டோபர் 27 அன்று அதன் தொடக்க விழா நடந்தது சென்னையில் அல்ல, மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில். பிறகு மாநிலமெங்கும் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை 5 மணிக்கு மேல் தங்கள் தெருப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தார்கள். ஐந்தாம் வகுப்பு வரை சொல்லித்தரப் பிளஸ் டூ போதுமானதாக இருந்தது. ஆறு முதல் எட்டு வரை என்றால் பட்டம் வேண்டியிருந்தது. ஊக்கத்தொகையாக மாதம் 1,000 ரூபாய் கிடைத்தது. அந்தப் பணத்துக்காக மட்டும் யாரும் தினமும் வந்திருக்க மாட்டார்கள்.

பிள்ளைகளுக்குப் புத்தகம் கிடைப்பதைவிட, குறித்த நேரத்துக்கு வந்து உட்காரும் ஓர் ஆள் கிடைப்பதுதான் அரிது. புத்தகங்கள் பல இடங்களில் பீரோவுக்குள் இருக்கின்றன. கிழிந்தால் யார் பதில் சொல்வது என்று பூட்டி வைக்கிறோம். கிழியாமலே இருக்கும் சிறுவர் நூல், யாரும் தொடாத நூல்.

பூட்டி வைக்காதவர்களும் இருந்தார்கள். 1931-இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1933-இல் யாழ்ப்பாணத்தில் க.மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலேயே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார்; யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு அதுதான் வித்து. இரண்டு இடத்திலும் கட்டடத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை.

ஆகவே நீங்களும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டத் தொடங்குங்கள்; ஆனால் பெரிதாகத் தொடங்காதீர்கள். நன்கொடை திரட்டி, ரிப்பன் வெட்டி, மூன்றாம் மாதம் பூட்டுப் போடுவதைவிடத் தொடங்காமலே இருக்கலாம். இரண்டு முறை வந்து ஏமாந்த பிள்ளை மூன்றாம் முறை வராது. உப்பளத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டுமா? உவர்நீரைப் பாத்தியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் உப்பு விளையாது. வரப்பையும் நீர்மட்டத்தையும் பார்க்கத் தினமும் போக வேண்டும்.

வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஓராண்டு: இவ்வளவுதான் கேட்கிறேன். ஒரு திண்ணையும் இருபது கதைப் புத்தகங்களும் போதும். நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். பிறகு பிள்ளைகளை வாசிக்கவிட்டுக் கேளுங்கள். தப்பாக வாசித்தால் உடனே திருத்தாதீர்கள். வீட்டுக்கு ஒரு புத்தகம் கொடுத்தனுப்புங்கள். ஐப்பசி கார்த்திகையில் உப்பளம் நீரில் மூழ்கிக் கூலி நின்றுபோகும். குறிப்பாக அந்த மாதங்களில் ஒரு வாரமும் தவறவிடாதீர்கள். வீட்டில் காசு குறையும்போது முதலில் நிற்பது படிப்புதான்.

வேலைக்காகக் கடல் கடப்பவர்களுக்கும் இது பொருந்தும். சிங்கப்பூரில் 2004 முதல் ‘கிட்ஸ்ரீட்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறார்கள். எந்த ஊரிலும் வாசிக்கத் தெரிந்தவருக்கு இந்த வேலை உண்டு.

நீங்கள் படிக்க யாரோ நேரம் கொடுத்தார்கள். அந்தக் கடனைக் கொடுத்தவரிடம் திருப்பித் தர முடியாது. அடுத்து வரும் பிள்ளையிடம்தான் தர முடியும். எந்தக் கிழமை என்பதை இன்றே முடிவுசெய்யுங்கள்.